நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட கதை

தம்பி,

வாசலில் பந்தக்கால் நட்டாயிற்று. உன் அப்பா பத்திரிகை வைக்க முதலியார்பேட்டைப் பக்கம் போயிருக்கிறார். எதிர்வீட்டு பிலோமினா அத்தை என் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே உள்ளே உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் இவ்வளவு அமைதி இனிமேல் உன் கல்யாணம் முடியும்வரை கிடைக்காது. நீ பெங்களூரிலிருந்து வந்து இறங்கினால் உன்னைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். அப்புறம் நீ தேன்மொழியோடு போய்விடுவாய். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ எதற்கும் "சரிம்மா, சரிம்மா" என்பாய். காகிதத்தில் எழுதினால் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. நான் சமூக அறிவியல் டீச்சர், எதையும் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள். நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட கதை உனக்குப் பாதி தெரியும், ஏனென்றால் கற்றுக்கொடுத்தவனே நீதான். மீதிப் பாதியை இன்றைக்குச் சொல்கிறேன்.

நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அதுவரை டவுனிலேயே ஒரு பள்ளியில் இருந்தேன். அப்பா அலுவலகம் போகிற வழியில் ஸ்கூட்டரில் என்னை இறக்கிவிட்டுப் போவார். புது இடம் தவளக்குப்பம் தாண்டி உள்ளே, கடலுக்குப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி. கடலூர் பஸ்ஸில் தொத்திக்கொண்டு போய் இறங்கினால், அங்கிருந்து சவுக்குத் தோப்பு வழியாக நடக்க வேண்டும். முதல் வாரம் நடந்துபோய், முதல் பாடவேளை முடியும் நேரத்துக்குத்தான் வகுப்புக்குள் நுழைந்தேன். அப்பா பார்த்தார். "நா எதுக்கு இருக்கேன்? நானே கொண்ணாந்து வுட்டுட்டுப் போறேன்" என்றார். காலையில் அவ்வளவு தூரம் என்னை ஏற்றிக்கொண்டு வந்து, திரும்பி டவுனுக்கு ஓடுவார். சாயங்காலம் மறுபடி வருவார். மழைக்காலம் வந்தது. அரியாங்குப்பம் பாலத்தில் லாரிகள் நின்றால் ஒரு யுகம் நிற்கும். அலுவலகத்தில் தாமதத்துக்கு மெமோ கொடுத்தார்கள், அதை என்னிடம் சொல்லவில்லை. முதுகு வலியை மட்டும் மறைக்க முடியவில்லை. குனிந்து ஷூ போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் ஒரு நாள். நீதான் கீழே உட்கார்ந்து லேஸ் கட்டிவிட்டாய்.

அன்றைக்கு நான் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சோறு போடும்போது சொன்னேன். அப்பா தலையாட்டினார். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, நீயே ஓட்டேன்" என்றாய், ஏதோ உப்பு கேட்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. "நாப்பது தாண்டின பொம்பளயப் போயி" என்று ஆரம்பித்தவர், நான் பார்த்த பார்வையில் மீதியை மோரோடு குடித்துவிட்டார்.

உப்பளம் திடலில் விடியற்காலையில் நீ எனக்குக் கற்றுக்கொடுத்தது நினைவிருக்கிறதா? பையன்கள் கிரிக்கெட் ஆட வருவதற்கு முன்னால் போய்விடுவோம். சின்னப் பெண்ணாக நான் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். நம் ஊரில் எந்தப் பெண்தான் ஓட்டவில்லை? ஆனால் சைக்கிளுக்கு நாம் மிதித்தால்தான் உயிர். வண்டிக்கு அதற்கென்று ஒரு உயிர் இருந்தது. கையைத் திருகியதும் அது என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. நான் "இயேசுவே, முருகா" என்று எதிர்வீட்டுச் சாமியையும் நம் சாமியையும் சேர்த்துக் கூப்பிட்டுக் கத்தினேன். நீ பின்னாலேயே ஓடிவந்தாய். ஒரு நாளும் என்மேல் எரிந்து விழவில்லை தம்பி. நான் உனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தபோது அவ்வளவு பொறுமையாக இருந்தேனா என்று எனக்கே சந்தேகம். "பயந்தா பிரேக்கப் புடி, கண்ண மூடாத" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாய்.

விழுந்தது திடலில் இல்லை. லைசென்ஸும் எனக்கென்று ஒரு வண்டியும் வாங்கி, தனியாகப் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு. பாலம் இறங்கும்போது முந்தானை காற்றில் பறந்து பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் ரோட்டில் கிடந்தேன். நல்ல வேளையாகப் பின்னால் வந்தது பஸ் இல்லை, மீன்கூடை ஏற்றிய சைக்கிள்கள். தேங்காய்த்திட்டிலிருந்து மீன் சுமந்து வந்துகொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்தார்கள். ஒரு அம்மா தன் அரிவாள்மனையை எடுத்து முந்தானையை அறுத்து என்னை விடுவித்தாள். "புடவைய கட்டிக்கினு இந்த வண்டி எதுக்கு டீச்சர்? எம் பேத்தி சுடிதாரு போட்டுக்கறாளே, அத போடுங்க" என்றாள். முழங்கையில் ரத்தம், புடவையில் மீன்வாசம். அப்படியே பள்ளிக்குப் போனேன். அன்றைக்கு ஏழாம் வகுப்பில் நம் நாட்டு மக்களின் உடைகள் பற்றிய பாடம். புத்தகத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பெண் படம். தமிழ்நாட்டுக்காரி புடவை, பஞ்சாப்காரி சுடிதார். அந்த வருஷம்தான் பெண்பிள்ளைகளின் சீருடை பாவாடை தாவணியிலிருந்து சுடிதாராக மாறியிருந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், இது பஞ்சாப்காரங்க ட்ரெஸ்ஸுன்னா, நாங்க போட்டிருக்கறது யாரோடது?" வகுப்பே தன் உடையைக் குனிந்து பார்த்தது. "போட்டுக்கறவங்களோடது" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன், யோசித்துச் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிலோமினா அத்தையிடம் சுடிதார் தைக்கத் துணியைக் கொடுத்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் அளவுநாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னைச் சுற்றி வந்தாள். "இதுக்குப் போயி ஏன் டீச்சரு இப்புடி நெளியற? எங்க சித்தி சைகோன்ல இருந்து வந்தப்ப ரோப்பு, அதான் கவுனு, போட்டுக்கினு, முட்டி தெரிய, இந்தத் தெருவுலதான் சைக்கிள்ல போவா. அவ புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தா, அதனால வாயத் தொறந்து ஒருத்தன் கேக்கல. பிரெஞ்சுக்காரன் துணி மரியாத, வடக்கத்தித் துணின்னா மட்டும் மரியாத கெட்டுடுமா?" என்றாள். பழுப்பு நிறத்தில், கை முழங்கை வரைக்கும், துப்பட்டாவை இரண்டு பக்கமும் ஊக்குக் குத்தி இறுக்குகிற மாதிரி தைத்துக் கொடுத்தாள். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு நெல்லித்தோப்புத் தெருவில் வண்டியை எடுத்தபோது பால் பூத்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். நீ வாசலில் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். அப்பா உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

பள்ளியில் தலைமை ஆசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. தனியாளாக இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்தவர், கஞ்சி போட்ட காட்டன் புடவையில் மடிப்புக் கலையாமல் இருப்பவர். "டீச்சர், ரோட்டுல நீங்க என்னா போட்டுக்கினு வரீங்கன்னு நா கேக்கல. ஸ்கூல் கேட்டுக்குள்ள வந்துட்டா புடவதான்" என்றார்.

"மேடம், புள்ளைங்களுக்கு கவர்மெண்டே இதத்தான யூனிபாரமா குடுத்திருக்கு?"

"அது புள்ளைங்க. நாம டீச்சருங்க."

"புள்ளைங்களுக்கு மரியாதையா இருக்கறது நமக்கு மட்டும் எப்படிங்க மேடம் மரியாதக் கொறவாப் போகும்?"

அவர் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். "ஊர்க்காரங்க வந்தா உங்கள கேக்க மாட்டாங்க. என்னத்தான் கேப்பாங்க" என்றார். அது உண்மை. அதற்குமேல் நான் வாதாடவில்லை. பந்தும் ஸ்கிப்பிங் கயிறும் வைத்திருந்த அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். காலையில் அங்கே போய்ப் புடவை கட்டிக்கொள்வேன், சாயங்காலம் மாற்றிக்கொண்டு கிளம்புவேன். உனக்கு இது தோல்வி மாதிரித் தெரிந்தது. கோபப்பட்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில மாதங்களில் கணக்கு டீச்சர் ஒரு வண்டி வாங்கினாள், பிறகு தையல் டீச்சர். அந்தச் சின்ன அறையில் மூன்று பேரும் முட்டி மோதிக்கொண்டு புடவை கட்டிய காலைகளில் நாங்கள் சிரித்த சிரிப்பு, வகுப்பறை வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போது உனக்குத் தெரியாத பாதிக்கு வருகிறேன். நான் வண்டி ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சாப்பிட்டார், டி.வி. பார்த்தார், தூங்கினார். முதுகு வலி போய்விட்டது, அலுவலகத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தார், ஆனால் முகம் மட்டும் தெளியவில்லை. தெருவில் யாரோ எதையோ சொல்லியிருப்பார்கள், பெண்டாட்டி சுடிதாரில் போவது அவமானமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். மனதுக்குள் அவரோடு சண்டையே போட்டு முடித்திருந்தேன். அப்போது நீ கல்லூரிச் சுற்றுலாவில் இருந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டே நேரடியாகக் கேட்டுவிட்டேன். "என் ட்ரெஸ்ஸு உங்களுக்குப் புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லுங்க."

"ட்ரெஸ்ஸா? அதுக்கு என்னா? நல்லாத்தான இருக்கு" என்றார், உண்மையாகவே புரியாமல்.

"அப்ப ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு இருக்கீங்க?"

கீரைத் தண்டு ஒன்றை எடுத்து உடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அந்தக் கணக்கு டீச்சரு தங்கச்சிக்கு மாப்ள அமைஞ்சுதா இல்லியா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தெனம் வண்டில பின்னாடி உக்காந்துக்கினு சொல்லுவியே. மாப்ள வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போனாங்கன்னு சொன்ன. அதோட நின்னு போச்சி. அந்தப் பியூன் கடன வாங்கினு ஊர வுட்டு ஓடினாரே, திரும்பி வந்தாரா? வீட்டுக்குள்ள வந்துட்டா உனக்கு அடுப்பு, பேப்பரு திருத்தறது. அந்த வண்டில போற நேரந்தான் நீ எங்கிட்ட பேசுவ. இப்ப நீ பாட்டுக்கு ஒரு பக்கம் போற, நா பாட்டுக்கு ஒரு பக்கம் போறேன்."

"ஒரு நாளாவது 'ம்'னு சொல்லியிருப்பீங்களா? காத்துல கேக்கறதில்லன்னு நெனச்சுக்கினு நான் பாட்டுக்குப் பேசிக்கினு வந்தேன்."

"கேட்டுக்கினுதான வந்தேன்" என்றார்.

தம்பி, இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் எனக்குச் சொன்ன காதல் வசனம் அது ஒன்றுதான். நான் கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். "கெளம்புங்க, பீச்சுக்குப் போவலாம்" என்றேன். அவர் தன் வண்டிச் சாவியைத் தேடினார். நான் என் சாவியை எடுத்துக் காட்டினேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாரும் இருக்கற நேரம்" என்றார். "அதுக்கு?" என்றேன். ஏறி உட்கார்ந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதலில் தொடைமேல் வைத்திருந்தார். பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்ததும் என் தோளைப் பிடித்தவர், கடற்கரை வரும்வரை எடுக்கவில்லை. கணக்கு டீச்சர் தங்கச்சிக்குக் காரைக்காலில் மாப்பிள்ளை முடிந்த கதையை முழுக்கச் சொன்னேன். இந்த முறை "ம்", "அப்புறம்?" என்றெல்லாம் வந்தது. அவருடைய அலுவலக நண்பர் ஒருவர் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார். அப்பா அவருக்குக் கையை ஆட்டினார், ஊர்வலத்தில் போகிற தலைவர் மாதிரி.

அதற்குப் பிறகு வந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடல் ஊருக்குள் வந்தது. அந்த நாளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிலோமினா அத்தை கொடுத்த கேக் தட்டு மேசையில் அப்படியே இருக்க, தலைமை ஆசிரியையிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், வண்டில பெட்ரோல் இருக்குதா? உடனே வாங்க. புடவ மாத்தறேன் அது இதுன்னு நேரத்தக் கடத்தாதீங்க, எப்படி இருக்கீங்களோ அப்படியே வாங்க." அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். உடனே பின்னால் ஏறிக்கொண்டார். நம் பள்ளிப் பிள்ளைகள் பாதிப்பேர் கடலோரக் குப்பத்துக்காரர்கள். ரோடு முழுக்க மக்கள் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்தின் முன்னாலும் வண்டியை நிறுத்தச் சொல்வார், பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பெரிய ரோட்டோரக் கல்யாண மண்டபத்தில்தான் அவர்களைக் கண்டோம். சட்டையில்லாமல், சேறும் உப்புமாக. பிள்ளைகள் இருந்தார்கள். எல்லா வீட்டிலும் எல்லாரும் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. பஞ்சாப் உடையைப் பற்றிக் கேட்டவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து என் துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதை அவிழ்த்து அவள்மேலேயே போர்த்திவிட்டு வந்தேன். பள்ளி மறுபடி திறந்த அன்று நான் வழக்கம்போல அந்த அறைப் பக்கம் போனேன். தலைமை ஆசிரியை வராந்தாவில் நின்றிருந்தார். "அந்த ரூம்ல ரிலீப் சாமானெல்லாம் வெக்கணும் டீச்சர். இனிமே நேரா க்ளாஸுக்குப் போயிடுங்க" என்றார். அவ்வளவுதான். பிறகு ஊர்க்காரர்கள் யாரும் வந்து கேட்கவும் இல்லை.

இந்தப் பத்து வருஷத்தில் என்னவெல்லாம் மாறிவிட்டது என்று பேச ஆரம்பித்தால் எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்குப் பெருமூச்சு வரவில்லை. தெருவில் பாதி வீடு மாடியாகிவிட்டது. அரசாங்கம் ஊர்ப் பெயரையே மாற்றிப் பலகைகளுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தது. நாம் முன்பும் புதுச்சேரி என்று எழுதி, பாண்டி என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம், இப்போதும் அப்படியே. பெயர் மாறிய அந்த வருஷம் ஆடி வெள்ளிக்கு நாங்கள் தெருப் பெண்கள் வண்டிகளை எடுத்துக்கொண்டு வீராம்பட்டினம் தேருக்குப் போனோம். யாரையும் கொண்டுபோய் விடச் சொல்லிக் கெஞ்சவில்லை, திரும்பி வர யாருக்காகவும் காத்திருக்கவில்லை. என் பின்னால் பிலோமினா அத்தை, ஒரு கையில் குடை, ஒரு கையில் அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை. வேண்டுதலாம். சர்ச் சாமியார் என்ன சொல்வார் என்று கேட்டதற்கு, "மாதாவும் பொம்பள, அம்மனும் பொம்பள, அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க" என்றாள். தேர் நிலைக்கு வந்ததும் பசி. சுண்டல் கடைக்குப் பக்கத்தில் ஒரு பீகார்ப் பையன் பானிபூரி போட்டுக்கொண்டிருந்தான். அத்தை ஒன்றை வாயில் போட்டுவிட்டுக் கண்ணை உருட்டினாள். "என்னாடி இது, வாய்க்குள்ள ரசம் ஒடையுது!" அப்புறம் அவனை விடவே இல்லை. அவனுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இந்தி தெரியாது, ஆனால் காரம் எவ்வளவு வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் எந்தக் குழப்பமும் வரவில்லை.

பெங்களூரில் உன் குடியிருப்பில் ஒரே மாடியில் நாலு மொழி பேசுகிறார்கள் என்று சொன்னாய். தேன்மொழி விழுப்புரத்தை விட்டு வெளியே இருந்ததில்லை. அவளுக்கு அங்கே எல்லாமே புதிதாக இருக்கும், கொஞ்ச நாள் எது தன்னுடையது என்றே தெரியாது. அவசரப்படுத்தாதே. அவள் எதை எடுத்துப் போட்டுக்கொள்கிறாளோ, எதைச் சமைக்கப் பழகுகிறாளோ, யாரோடு சிநேகமாகிறாளோ, அதெல்லாம் அவளுடையதாகிவிடும். அவள் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டிரு. கேட்கிறாய் என்பது அவளுக்குத் தெரிகிற மாதிரிக் கேள். உன் அப்பா அதை மட்டும்தான் கோட்டை விட்டார், நல்ல காலம், பிறகு பிடித்துக்கொண்டார்.

போன வாரம் அவளுக்குப் புடவை எடுக்க நாங்கள் விழுப்புரம் போயிருந்தோம். கடையில் புடவைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கொஞ்சம் பயந்துகொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "மாமா, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அங்க ஓட்டியாகணும்னு அவர் சொன்னாரு."

அப்பா பட்டுப்புடவைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஓட்டறது ஒண்ணும் கஷ்டமில்லம்மா, பத்து நாள்ல வந்துடும். பின்னாடி உக்கார்றதுதான் கஷ்டம். அத நா அவனுக்குச் சொல்லித்தரேன்."

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா